மூணாவது ஆளுக்குத்தான் கணக்கு!

"என்ன சார்... பஸ் டிக்கெட் ஏத்திட்டாங்கன்னு சைக்கிள்ல கிளம்பிட்டீங்களா?"

கடலூர் மஞ்சக்குப்பம் டீக்கடையில் விடியற்காலை அஞ்சரை மணிக்கு இப்படி ஒரு கேள்வி. கேட்டவர் மேல் தப்பே இல்லை. 2018 ஜனவரி 20-ம் தேதிதான் தமிழ்நாடு பூராவும் பஸ் கட்டணம் ஏறியிருந்தது. ஆறே நாள் கழித்து, குடியரசு தினத்தன்று, எட்டு ஆண்பிள்ளைகள் அரை டிராயரும் ஹெல்மெட்டுமாக சைக்கிளோடு வரிசையாக நின்றால் ஊர் வேறென்ன நினைக்கும்?

"இல்லீங்க, ரேஸ்" என்றேன்.

"எதுவரைக்கும்?"

"இன்னிக்கு வடலூர். நாளைக்கு சேத்தியாத்தோப்பு வழியா சிதம்பரம். நாளன்னிக்கு சிதம்பரத்துலேர்ந்து திரும்பக் கடலூர்."

அவர் டீயை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நேரா போனா சிதம்பரம் ஒண்ணேகால் மணி நேரம்தான் சார்."

நியாயமான பேச்சு! ஆனால் இந்த வியாதி எங்களுக்கு வந்த கதையைக் கேட்டால் நீங்கள் கொஞ்சம் இரக்கப்படுவீர்கள்.

2008-லிருந்து 'டூர் ஆஃப் நீலகிரீஸ்' என்று ஒன்று நடக்கிறது. கர்நாடகா, கேரளா, தமிழ்நாடு மலைகளைச் சுற்றி எட்டு நாள் சைக்கிள் பயணம். நடுநடுவே போட்டியும் உண்டு. அந்த வட்டாரத்தில் கல்லட்டி என்றொரு மலைப்பாதை, 36 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் ஏறினாலே பலருக்கு வயிற்றைப் புரட்டும். அதில் சைக்கிள் மிதித்து ஏறுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் நாலு பேருக்கும் ரத்தம் சூடாகிவிட்டது. எட்டு நாள் லீவு லெட்டரை ஆபீஸில் நீட்டினேன். அதிகாரி லெட்டரைப் பார்த்தார், என் தொப்பையைப் பார்த்தார். ரத்தம் ஆறிவிட்டது.

'எட்டு நாள் கிடைக்காவிட்டால் என்ன, குடியரசு தினம் வெள்ளிக்கிழமை வருகிறது, மூணு நாள் இருக்கிறதே! மலை இல்லாவிட்டால் என்ன, கடலூர் ஜில்லாவில் காற்று இருக்கிறதே!' என்றார் எங்கள் டீமில் இருந்த கணக்கு வாத்தியார். சிதம்பரத்திலும் இதே மாதிரி நாலு பைத்தியங்கள் இருப்பது தெரியவந்தது. சவால் விட்டோம். தோற்கிற டீம், ஜெயிக்கிற டீமுக்கு வயிறு நிறைய டிபன் வாங்கித் தர வேண்டும். அவ்வளவுதான் கோப்பை!

* * *

இந்த மாதிரிப் பல நாள் பந்தயத்துக்கு ஆதி மூலம் 'டூர் டி பிரான்ஸ்'. 1903-ல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை தன் விற்பனையை உயர்த்த ஆரம்பித்தது. (பத்திரிகைக்காரர்கள் விற்பனைக்காக எதுவும் செய்வார்கள் என்பது அப்போதே நிரூபணம்!) ஆறு கட்டம், 2,428 கிலோமீட்டர். கிளம்பியவர்கள் 60 பேர், முடித்தவர்கள் 21 பேர். ஜெயித்தவர் மோரீஸ் காரன். ஒரு காலத்தில் புகைக்கூண்டு சுத்தம் செய்தவர்.

அடுத்த வருஷமே விவகாரம். வழியில் ரயிலேறினார்கள், காரேறினார்கள் என்றெல்லாம் புகார் கிளம்பி, முதல் நாலு இடத்துக்காரர்களையும் நீக்கிவிட்டார்கள். அதில் காரனும் ஒருவர். இதை எங்கள் பெரியப்பாவிடம் சொன்னேன். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். அவர் கேட்ட ஒரே கேள்வி:

"டிக்கெட் வாங்குனானா?"

இப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் நடுவராகப் போட்டோம். கையில் வாட்ச், சட்டைப் பையில் நோட்டு, ஓட்ட ஒரு டி.வி.எஸ். எக்ஸெல். விசில் மட்டும் சர்வீஸில் இருந்தபோதே வைத்திருந்தது.

விதிகளை வாத்தியார் எழுதினார். ஒவ்வொரு நாள் நேரத்தையும் கூட்ட வேண்டும், மொத்தத்தில் யாருக்குக் குறைவோ அவர்கள் ஜெயித்தார்கள். ஒரு நாளில்கூட முதலாக வராமல் மொத்தப் பந்தயத்தையும் ஜெயிக்கலாம். 1990-ல் கிரெக் லெமாண்ட் அப்படித்தான் டூர் டி பிரான்ஸை ஜெயித்தார். அதற்கு முந்தைய வருஷம் 3,000 கிலோமீட்டருக்கு மேல் மிதித்துவிட்டு, அவர் ஜெயித்த வித்தியாசம் வெறும் 8 விநாடி!

அடுத்த விதிதான் முக்கியம். 1960-லிருந்து 1992 வரை ஒலிம்பிக்கில் நாலு பேர் டீமுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் இருந்தது, சுமார் 100 கிலோமீட்டர். அதில் முதலில் வருகிறவன் நேரம் கணக்கில்லை. மூன்றாவது ஆள் எப்போது கோட்டைத் தாண்டுகிறானோ, அதுதான் டீமின் நேரம்.

"நமக்கும் அதேதான். மூணாவது ஆளுக்குத்தான் கணக்கு" என்றார் வாத்தியார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. காரணம் இருந்தது.

எங்கள் டீமில் நான், வாத்தியார், ஒரு மெடிக்கல் ரெப், அப்புறம்... சூப்பிரண்டு. சூப்பிரண்டும் நானும் ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து மேஜை, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரே நாற்காலிக்கு ரெண்டு பேர் பெயரும் போயிற்று. நாற்காலி அவருக்கு வந்தது. அன்றிலிருந்து அவருடன் பேச்சை நிறுத்திவிட்டேன். ஃபைல் கொடுக்கக்கூட பியூனிடம் "அவர்கிட்ட குடுப்பா" என்பேன். அவர் மூணு அடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். முன்னே "டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள், அதற்கப்புறம் "சார்" ஆகிவிட்டோம்.

வாத்தியாருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தேதான் எங்கள் ரெண்டு பேரையும் ஒரே டீமில் போட்டிருந்தார்.

* * *

முதல் நாள். பெரியப்பா பச்சைத் துண்டை ஆட்டி "ரைட்" என்றார். எட்டுப் பேரும் கிளம்பினோம். சிதம்பரம் டீமில் ஒரு தம்பி, பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு வலிக்கிறவன். கியர் கிடையாது, சாதா சைக்கிள்தான். ஆனால் துடுப்புப் போட்ட நெஞ்சு. பறந்தான்.

"சேர்ந்தே போவோம், மாத்தி மாத்தி முன்னாடி வரலாம்" என்று சூப்பிரண்டு பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார். எனக்குத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. 'ஆபீஸில்தான் நீ சூப்பிரண்டு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு படகுக்காரத் தம்பியின் பின்னால் விரட்டினேன்.

குறிஞ்சிப்பாடி, வடலூர்... சுமார் 35 கிலோமீட்டர். தம்பிக்கு அரை சக்கரம் பின்னால் ரெண்டாவதாக வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே வெற்றிப் புன்னகையோடு திரும்பிப் பார்த்தேன். சிதம்பரம் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். எங்கள் ஆட்களைக் காணோம். ஏழு நிமிஷம் கழித்து மூணு பேரும் வந்தார்கள்.

வழியில் ரயில்வே கேட்! எனக்கும் சிதம்பரத்துக்காரர்களுக்கும் திறந்திருந்தது. கொஞ்சம் பின்னால் வந்த இவர்களுக்கு மூடிவிட்டது. நீளமான கூட்ஸ் வண்டி.

"குனிஞ்சு வந்திருக்கலாம்ல?" என்றேன் ரெப்பிடம்.

பெரியப்பா காதில் விழுந்துவிட்டது. "மூடின கேட்டுல நுழைஞ்சா மூணு நாளும் ரத்து. நான் கார்டா இருந்தவன்டா!" என்று ஒரு சத்தம் போட்டார். அவர் சொன்னது உலக விதியும்கூட. 2006-ல் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் மூடிய கேட்டைத் தாண்டிப் போன மூணு பேர், ரெண்டாவது மூணாவது நாலாவதாக வந்தும் பட்டியலிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள்.

நோட்டில் எழுதினார்: கடலூர் 7 நிமிஷம் பின்தங்கல். என் நேரம் எங்கேயும் எழுதப்படவில்லை.

வடலூரில் தைப்பூசத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஊரே ஜோதி தரிசனத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. 1867-ல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. யார் நீ, எந்த டீம், எத்தனை நிமிஷம் பின்தங்கல் என்றெல்லாம் கேட்காமல் சோறு போட்டார்கள். பந்தியில் எனக்கும் சூப்பிரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. அவர் ரசம் வேண்டும் என்று கை காட்டினார். நான் பார்க்காத மாதிரி சாதத்தைப் பிசைந்தேன்.

* * *

ரெண்டாம் நாள் சைக்கிள் சீட்டில் உட்காரும்போதுதான் பல நாள் பந்தயம் என்றால் என்னவென்று புரியும். அதை விளக்கமாக எழுத இது இடமில்லை. உட்கார்ந்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்!

சேத்தியாத்தோப்பில் கொஞ்சம் விலகினால் வீராணம் ஏரி. 2004-லிருந்து இங்கிருந்துதான் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிறது. 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் குதிரையில் அறிமுகமாவதும் இதே ஏரிக்கரையில்தான். அவனுக்கு சீட்டு வலி இருந்ததாகக் கல்கி எழுதவில்லை.

சேத்தியாத்தோப்பு தாண்டி புவனகிரி ரோட்டில் சம்பா அறுவடை. பாதி ரோட்டுக்கு வைக்கோல். சிதம்பரம் டீம் தைரியமாக அதன் மேலேயே விட்டது. ஃப்ரீவீலிலும் செயினிலும் வைக்கோல் சுற்றிக்கொண்டு ரெண்டு சைக்கிள் அப்படியே நின்றுவிட்டன. "கண்ணு எங்கப்பா இருக்கு? மாடு கூட ஒதுங்கிப் போவுது!" என்று ஒரு ஆயா விளாசித் தள்ளினார். திட்டிக்கொண்டே வைக்கோலைப் பிடுங்கியும் விட்டார்.

உண்மையான டூரில் இந்த உதவிக்கும் அபராதம் உண்டு, தெரியுமோ? 1913-ல் யூஜின் கிறிஸ்தோஃப் என்பவருக்கு மலையில் சைக்கிள் ஃபோர்க் உடைந்துபோனது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஒரு கொல்லன் பட்டறையில் தானே அடித்து ஒட்டினார். துருத்தி ஊத ஒரு பையன் உதவினான் என்று அதற்குத் தண்டனை போட்டார்கள். எங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லி ஆயாவுக்காக சிதம்பரத்துக்கு அபராதம் கேட்டுப் பார்த்தோம். "அந்தம்மாகிட்ட நீயே போய்க் கேளு" என்றார். வாபஸ் வாங்கிவிட்டோம்.

நாலு நிமிஷம் மீட்டோம். பாக்கி மூணு நிமிஷம்.

ராத்திரி சாப்பாடு எதிரி டீம் ஆள் வீட்டில். சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சும் சம்பா சாதமும். எதிரியைச் சாப்பாட்டாலேயே முடமாக்கும் தந்திரமோ என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பரிமாறினார்கள். அப்புறம் கீழவீதியில் மெதுவாக ஒரு நடை. ஒற்றைக் காலைத் தூக்கி ஆடுகிற சாமி ஊரில், எங்களுக்கு ரெண்டு காலையும் தூக்க முடியவில்லை.

படுக்கப் போகும் முன் வாத்தியார் கணக்குப் போட்டார்: "நாளைக்கு வடக்கே போறோம். எதிர்ல வாடைக் காத்து. வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்கு, அதைத் தள்ற சக்தி எட்டு மடங்கு. முன்னாடி ஒருத்தன் காத்தைக் கிழிச்சா, பின்னாடி ஒட்டி வர்றவனுக்கு உழைப்புல கால்வாசியிலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் மிச்சம். தனியா வீரம் காட்டினா காலி." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

* * *

கடைசி நாள் டீம் டீமாகக் கிளம்ப வேண்டும். நாங்கள் ஆறு மணிக்கு, சிதம்பரம் ஆறு பத்துக்கு. முடிகிற இடம் சிப்காட் தாண்டி ஒரு டீக்கடை, சுமார் 40 கிலோமீட்டர். பதற்றத்தில் காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை நான். பெரிய தப்பு!

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் வாடை முகத்தில் அறைந்தது. பி.முட்லூர் தாண்டியதும் 'டப்' என்று ஒரு சத்தம். ரெப்பின் செயின் அறுந்துவிட்டது. "போங்க, போங்க! நான் பார்த்துக்கறேன்" என்று கத்தினார். மிச்சம் மூணு பேர். மூணு பேருமே போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

வீராப்பாக நான்தான் முன்னால் போனேன். புதுச்சத்திரம் தாண்டியதும் திடீரென்று கை நடுங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்தால் எஞ்சின் பெட்ரோல் இல்லாத வண்டிதான். வாத்தியாரும் சூப்பிரண்டும் என்னைத் தாண்டிப் போனார்கள். அம்பதடி... நூறடி... அவர்கள் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. அப்போதுதான் உறைத்தது: மூணாவது ஆள் நான்தான்!

சூப்பிரண்டு திரும்பிப் பார்த்தார். மிதிப்பதை நிறுத்தினார். நான் வந்து சேரும் வரைக்கும் சும்மா உருட்டினார். பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து, பல்லால் உறையைக் கிழித்து நீட்டினார்.

"தின்னு."

தின்றேன்.

"ரோட்டைப் பாக்காதே. வாத்தியாரைப் பாக்காதே. என் பின் சக்கரத்தை மட்டும் பாரு. ஒரு முழம் விட்டு அப்படியே வா."

எட்டு மாசம் கழித்து முதல் தடவையாக 'சார்' இல்லாமல் பேசினார். பதில் சொல்ல மூச்சு இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் புகுந்ததும் காற்று சட்டென்று நின்றுவிட்டது. நிற்கவில்லை, அவர் வாங்கிக்கொண்டிருந்தார். ஆலப்பாக்கம் வருகிற வரை, வாத்தியார் மாற்றி விடுவதாகச் சொன்னபோதுகூட, அவர் முன்னாலிருந்து நகரவேயில்லை. சட்டை முதுகில் உப்பு கோடு கோடாகப் பூத்திருந்தது. பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நான் பார்த்த ஒரே காட்சி அதுதான். எட்டு மாசமாகப் பக்கத்து மேஜையில் நான் பார்க்காமல் தவிர்த்த அதே முதுகு.

டீக்கடை வந்தது. பெரியப்பா வாட்சைப் பார்த்தார். ஒரு மணி 38 நிமிஷம் 20 விநாடி. இனி காத்திருக்க வேண்டியதுதான். மூணு நிமிஷத்துக்கு மேல் அவர்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டால் டிபன் எங்களுக்கு.

தூரத்தில் படகுக்காரத் தம்பி தெரிந்தான். முதல் ஆள், ரெண்டாவது ஆள்... மூணாவது ஆளைக் காணோம். எங்கள் வாத்தியார் விரலைக் கடித்துக்கொண்டிருந்தார். அதோ, தள்ளாடிக்கொண்டே வந்து கோட்டைத் தாண்டினார் ஒரு வக்கீல் குமாஸ்தா.

"ஒரு மணி 40 நிமிஷம் 58 விநாடி" என்றார் பெரியப்பா. நோட்டில் கூட்டினார். "சிதம்பரம் 22 விநாடியில ஜெயிச்சுது."

22 விநாடி! முதல் நாள் நான் சேர்ந்தே போயிருந்தால், என் முதுகுக்குப் பின்னால் அந்த மூணு பேரையும் இழுத்து வந்திருந்தால், கேட் மூடுவதற்குள் நாலு பேரும் தாண்டியிருப்போம். ஏழு நிமிஷம் என்னுடையது. யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லாததுதான் இன்னும் குடைந்தது.

கடைசியாக டெம்போவில் ரெப் சைக்கிளோடு வந்து இறங்கினார். பெரியப்பா அவரைத் தட்டிக்கொடுத்தார். டூரில் கடைசியாக வருகிறவனை 'சிவப்பு விளக்கு' என்று பிரெஞ்சுக்காரர்கள் கூப்பிடுவார்கள், ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்குகிற விளக்கை வைத்து வந்த பெயர் என்று நான் சொல்லியிருந்தேன். முப்பது வருஷம் அந்த விளக்கைக் கட்டியவர் ஆயிற்றே! "கடைசிப் பெட்டி வந்தாத்தான்டா வண்டி முழுசா வந்துச்சுன்னு அர்த்தம்" என்றார்.

* * *

எட்டுப் பேருமாக மெதுவாக உருட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனோம். மணலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். சூப்பிரண்டு எனக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து ஷூவிலிருந்த மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார். இப்போது விட்டால் இனி வராது என்று தோன்றியது.

"டேய்..."

திரும்பினார்.

"ப்ரமோஷனுக்கு நான் வாழ்த்தே சொல்லலை."

ஷூவைத் தட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. இருந்தும் இன்னொரு தடவை தட்டினார்.

"எட்டு மாசம் லேட்டு" என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். "பரவால்ல விடு. மூணாவது ஆளுக்குத்தானே கணக்கு!"

டிபன் பில் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். படகுக்காரத் தம்பி மட்டும் பதினாறு இட்லி, ரெண்டு ரோஸ்ட். தோற்றவர்கள் நாலு பேரும் பங்கு போட்டோம்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ். பியூன் வழக்கம்போல என் மேஜைக்கு வந்து, "சார், அவர்கிட்ட குடுக்கணுமா?" என்று ஃபைலுக்குக் கையை நீட்டினான்.

"வேண்டாம்ப்பா, நானே குடுத்துக்கறேன்" என்று எழுந்தேன். மூணு அடி தூரம்தான்.

நடக்கத்தான் முடியவில்லை. மூணு நாள் சீட்டு வலி!